இயல்பான தேய்மானம் நீங்கலாக

பேனாவை அவ்வளவு அழுத்திப் பிடித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கட்டைவிரல் வலிக்கும். நிதானமாக எழுதுங்கள். நான் எங்கும் ஓடப் போவதில்லை. முப்பத்தோரு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எழுதுகிறவர் கஷ்டம் எனக்குத் தெரியும். நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தேன். கீழ்வீட்டில் நான் மட்டும். வாடகை ஒப்பந்தம் என் கையால் எழுதியது. பதினாறு ஷரத்து. பதினொன்றாவது இது: காலி செய்யும்போது, இயல்பான தேய்மானம் நீங்கலாக, மற்றச் சேதங்களுக்கு ஆகும் தொகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியது. இதற்கு முன் ஐந்து குடித்தனம் இருந்தது. ஐந்தும் போகும்போது இந்த ஷரத்தில்தான் வந்து முட்டிக்கொண்டது. தேய்மானம் எது, சேதம் எது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கத்துவார்கள். கத்துகிறவர்களோடு பேச எனக்குப் பிடிக்காது. பிடித்தது போக மிச்சத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

தையல்காரம்மா கத்தவில்லை. நாலு வருடத்துக்கு முன், வந்த அன்றே, சாமான் இறக்குவதற்குள் கழுத்தில் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றி வந்தார். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கூடத்துச் சுவரில் விரிசல், ஒன்பதே கால் அங்குலம். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் கீறல், மூன்றரை. முடித்ததும் நோட்டை என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்துப் போடுங்க ஐயா.”

“முப்பது வருஷமா அடுத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கினவன்மா நான்.”

“நல்லதாப் போச்சு. எங்க போடணும்னு நான் காட்ட வேண்டியதில்ல.”

போட்டேன். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அவர் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி என்ன சொன்னாலும் “ஆமா” என்பார். மனசுக்குள் ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தேன். தங்கமான மனிதர். அவரால் எனக்கு ஒரு தொல்லை வரும் என்று நான் நினைத்ததில்லை.

காலை ஒன்பதுக்குத் தையல் மிஷின் ஓடத் தொடங்கும். என் நாற்காலிக்கு நேர் மேலே. கால் மிஷின். நீளத் தையலா, ஓரம் அடிக்கிறாரா, நூல் அறுந்துவிட்டதா, கீழே இருந்தபடியே சொல்லிவிடுவேன். மாதம் ஒருமுறை வாடகையோடு வருவார். ஏதாவது ஒரு ஷரத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி வாதாடிவிட்டுப் போவார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பது பதிவாக வேண்டும்.

போன மாதம் காலி செய்கிறோம் என்றார். பெரிய தெருவில் தரைத்தளத்தில் ஓர் இடம். முன்னால் கடை, பின்னால் குடியிருக்க இரண்டு அறை. முழங்கால் வலிக்காரர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டாம். பத்து வருடக் கனவு என்றார். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த இடம் செல்போன் பழுது பார்க்கும் ஒருவருக்குப் போய்விடும். அவர்கள் கையில் வேறு பணம் இல்லை. என்னிடம் இருந்த முன்பணம்தான். அவராகச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மேலே போய் வீட்டைப் பார்த்தேன். நோட்டும் நாடாவுமாக அவரும் கூடவே வந்தார். விரிசல் மேல் நாடாவை வைத்தார்.

“ஒன்பதே கால். நாலு வருஷமா வளரவே இல்ல. பிள்ளையா இருந்தா டாக்டர்கிட்ட காட்டியிருப்பேன்.”

கூடத்துத் தரையில் மிஷின் நின்ற இடத்தில் நாலு பள்ளம் இருந்தது. அதைக் காட்டினேன்.

“உங்க ஷரத்துல என்ன எழுதியிருக்கு ஐயா?”

“இயல்பான தேய்மானம் நீங்கலாக.”

“தையல்காரி வீட்ல மிஷின் நிக்கிறது இயல்புதானே? அது வேற எங்க நிக்கும், உங்க தலையிலயா?”

“ஆமா,” என்றார் கணவர்.

நான் எழுதிய சொல்லால் என்னையே மடக்கியவர் அவர் ஒருவர்தான். பிடிக்க ஒரு பைசா இல்லை. முன்பணம் கைக்கு வந்தால் மறுநாளே போய்விடுவார்கள். கீழே வந்து உட்கார்ந்து யோசித்தேன். இப்படி ஒருவர் போய்விட்டால் அடுத்து வருகிறவர் கத்தத்தான் போகிறார்.

மறுநாள் காலை சேத அட்டவணை எழுதினேன். ஏழு உருப்படி. அப்போது அவற்றில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். முதலில் எழுதுவோம், பிறகு நிறைவேற்றுவோம். அடியில் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அடித்தல் திருத்தல் இல்லை.

தினமும் மூன்று மணிக்குத் தைத்த துணிகளைக் கொடுக்க அவர் வெளியே போவார். திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். என் வீடு, என் சாவி. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினேன். குடியிருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஜன்னல் கொக்கியும் இன்னும் இரண்டும். செவ்வாய்க்கிழமை அலமாரிக் கதவும் இன்னும் இரண்டும்.

செவ்வாய் மாலை படிக்கட்டில் இருவரும் எதிரே வந்தார்கள்.

“நாங்க போறது வீட்டுக்கே பிடிக்கல போல ஐயா. நேத்து கொக்கி, இன்னிக்கு அலமாரிக் கதவு.”

“பழைய வீடும்மா. அதுக்கும் மனசு இருக்கும்ல.”

“மனசு இருந்தா வாடகையக் கொறைச்சிருக்கும். பயப்படாதீங்க, இவரு எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரு. முன்ன இருந்ததவிட நல்லா இருக்கு.”

“ஆமா.”

ஆறு உருப்படியும் போயிற்று. லிஃப்டையே பழுது பார்க்கிறவருக்கு அலமாரிக் கதவு எம்மாத்திரம். ஏழாவதுதான் மிச்சம். குளியலறை வாசலில் ஒரு டைல்.

புதன்கிழமை அதைச் சுற்றியிருந்த சிமெண்டை உளியால் சுரண்டினேன். டைலை எடுத்து, அடியைக் கொஞ்சம் கொத்தி, மணலைத் தூவி, ஒரு மூலை தூக்கும்படி திரும்ப வைத்தேன். பார்த்தால் தெரியாது. அந்த மூலையை மிதித்தால் தெரியும். டைலில் ஒரு கீறல் விழவில்லை. அதில் கவனமாக இருந்தேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ஒன்பதுக்கு மிஷின் ஓடியது. ஒன்பதரைக்கு நின்றது. மிஷினிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு காலடி. அப்படி எழுந்து வந்தால், வாசலில் அந்த மூலையில் அவருக்கு வலது கால் வரும்; வேறு பக்கமிருந்து வந்தால் தாண்டிப் போய்விடும். மிஷின் மிதிக்கும் கால். அது எனக்குத் தெரியுமா என்று முன்பே கேட்டீர்கள். நாலு வருடம் காது கொடுத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும் என்றே எழுதுங்கள். அந்தப் பன்னிரண்டையும் நான் எண்ணினேன்.

முதலில் ஓடிப் போனவனும் நான்தான். காலுக்கு அடியில் தலையணை வைத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

“நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆகியிருக்கும் ஐயா,” என்றார்.

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூன்று மாதம் மிஷினைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். மாடி ஏறி இறங்கவும் கூடாது. சரி, மேலே ஏற்றிவிட்டால் மூன்று மாதம் மேலேயேதான் இருக்க வேண்டும். அதற்குள் செல்போன்காரர் கடையைப் பிடித்துவிடுவார். மனசுக்கு ஒரு நிம்மதி. அவருக்கும் ஓய்வுதானே.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் அவர் கணவர் முன்பணம் கேட்டார். அட்டவணையைக் கொடுத்தேன். ஆறு உருப்படிகளை நானே நேர்மையாக அடித்திருந்தேன். ஏழாவது மட்டும் நின்றது. அவர் இரண்டு முறை படித்தார்.

“இதுல திங்கக்கிழமைத் தேதி இருக்கு.”

“ஆமா,” என்றேன்.

“அவ விழுந்தது வியாழக்கிழமை.”

“ஆமா.”

“புதன்கிழமை காலையில நான் அந்த டைல் மேலதான் நின்னு பல் தேய்ச்சேன். ஆடல.”

“ஆமா.”

“நாங்க மாடிக்குத் திரும்ப வர மாட்டோம் ஐயா. நீங்க பிடிச்சு வைக்கணும்னு நினைச்சிருந்தா, அது நடக்காது.”

நாலு வருடத்தில் அவர் வாயில் ஒரு மறுப்பை அன்றுதான் கேட்டேன். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார்.

தேதியை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. வியாழக்கிழமை என்று போட்டிருந்தால் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் அது மோசடி. எழுதிய தேதி ஒன்று, போட்ட தேதி ஒன்று என்று என் கையால் ஒரு காகிதம் போனதில்லை.

நேற்று உங்கள் மேஜையிலேயே முன்பணத்தை வைத்துவிட்டேன். பெரிய தெரு இடத்துச் சொந்தக்காரர் இரண்டு நாள் பொறுத்தாராம். தையல்காரம்மாவை மருத்துவமனையிலிருந்து நேரே பெரிய தெருவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அவருக்கு அந்த இடம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு டைலின் விலையை மட்டும் பிடித்திருக்கிறேன். நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தளர்த்தியது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டைல் இரண்டாக உடைந்தது அவர் விழுந்தபோது. அது தேய்மானத்தில் சேராது. அவர் எண்ணாமல் இருக்க மாட்டார். எண்ணினால் விட மாட்டார். கால் ஊன்ற முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கேட்க வருவார்.

அதனால் ஓர் உதவி. எத்தனை வருடம் உள்ளே போட்டாலும் சரி, அந்த மூன்று மாதம் கழித்துத் தொடங்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர், வீடு பூட்டியிருந்தால் என்ன நினைப்பார்?