அம்பாசிடருக்கு ஷேடு அப்ரூவல்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் விதவிதமான நீலம் அடித்த தகரத் துண்டுகள்.

“பெயிண்டர் குடுத்த அத்தனை நீலமும் ரிஜெக்ட் புள்ள. கம்பெனில துணிக் கலர் பாக்கற லைட்டுல வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் சரியில்ல.”

“அது காருங்க, நீங்க ஷேடு பாத்து அப்ரூவல் பண்ற பனியன் துணி இல்லீங்க! பாப்பா கல்யாணத்துக்குப் பழைய அம்பாசிடர்லதான் போகோணும்னீங்க. வெள்ளிக்கெழம கல்யாணம், வண்டி இன்னும் பட்டறைல நிக்குது.”

“அவசரப்பட்டு ஓகே சொல்லிப்போட்டா, காலம் பூரா அதையேல்ல பாக்கோணும்?”

“என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் காப்பி ஆறறதுக்குள்ள ஓகே சொன்னீங்களே?”

“அது எங்கப்பன் அப்ரூவல் பண்ணுனது.”

அந்த அம்மாள் அவரையும் பார்க்கவில்லை, தகரங்களையும் பார்க்கவில்லை. கைக்கு வந்த ஒன்றை உருவி அவர் சட்டைப் பையில் செருகினார்.

“இது நான் பண்ணுனதுங்க.”