இடது பக்கத்து ஓரக்கல்

அய்யோ, அந்தப் பிளாஸ்டிக் பட்டையெல்லாம் வேணாண்ணே. முன்னாடி போட்டதே நசுங்கி நாசமாக் கெடக்கு, பாருங்க. வண்டி வர்ற பாதை ஓரத்துக்குக் கல்லே வைங்க. தரையோட தரையா இல்ல, நல்லாத் துருத்திக்கிட்டு நிக்கணும்.

டயர் உரசுமா? உரசட்டும். உரசணும்னுதான் சொல்றேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு உள்ள படுத்திருக்காரு. செடிக்கு அழகா இருக்கும்னு சொல்லித்தான் உங்களக் கூப்பிட்டிருக்கேன். வேற காரணம்னு தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்.

இல்ல இல்ல, ரெண்டு பக்கமும் வேணாம். வலது பக்கம் செங்கல்லப் படுக்கப் போட்டு விட்டுடுங்க. இடது பக்கம்தான் கல்லு. கேட்டுலேருந்து ஷெட்டு வரைக்கும், நடுவுல சந்தே விடாம. அடியில கான்கிரீட்டு, பின்னாடியும் அணைச்சுப் போடுங்க. வண்டி இடிச்சாலும் அசையக் கூடாது.

சிரிக்காதீங்கண்ணே. பாதி மீசைய எடுத்த மாதிரிதான் இருக்கும், எனக்கும் தெரியுது.

வெள்ளையா? எதுக்கு? அடிச்சும் பிரயோஜனம் இல்ல.

மொதல்ல அங்க பூந்தொட்டிதான் வரிசையா வச்சிருந்தேன். வண்டிய ஏத்தி மூணு தொட்டிய ஒடச்சாரு. எவ வச்சா இத இங்கன்னு என்னையே கத்துறாரு. காலையிலதான் அவரே தண்ணி ஊத்தினாரு அதுக்கு! போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனோட சைக்கிளு. நல்லவேளை, பையன் அதுமேல இல்ல. நான் அலறி அடிச்சு ஓடி வரேன், இவரு சாவகாசமா இறங்கி, என்னடி சத்தம்னு கேக்குறாரு. அன்னிலேருந்து வண்டி கெளம்புற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வந்து நிக்கிறேண்ணே.

அவருக்கு நேராப் பாத்தா எல்லாம் தெரியுது. இடது பக்கம் மட்டும் சுத்தமாத் தெரியல. சாப்பிடும்போது இடது கைப்பக்கம் டம்ளர வச்சா, தண்ணி எங்கடின்னு கேக்குறாரு. டாக்டர்கிட்ட போலாம்னு வாயத் தொறந்தா எரிஞ்சு விழறாரு. வண்டிய விட்டா சோத்துக்கு எங்க போறதுன்னு அவருக்கும் பயம்தான், பாவம்.

டயர் கல்லுல உரசினாலாச்சும் பக்கம் புரியும்னு நெனச்சேன். ஆனா கல்லு நம்ம கேட்டோட முடிஞ்சுடுமே. ரோட்டுக்கு யாருண்ணே வைப்பா?

ஊர்ல கொத்தனாருக்கா பஞ்சம்? விசாரிச்சு விசாரிச்சு உங்களத் தேடிப் புடிச்சேன். ஸ்கூல்ல போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீங்க போய்ச் சொன்னா கேப்பாங்க.

உஷ்... எழுந்துட்டாரு. சாவி சத்தம். ஸ்கூல் விடுற நேரமாச்சே, வேன எடுக்கணும்ல. நீங்க டேப்பப் புடிச்சு அளக்குற மாதிரி குனிஞ்சுக்குங்க.

உங்க பாப்பா இவரு வேன்லேருந்து இறங்குறது இடது பக்கம்தானேண்ணே?