அந்தக் குழாயை மட்டும் நிறுத்துங்க

பயந்துட்டீங்களா? உட்காருங்கண்ணே, உட்காருங்க. ஆவி எல்லாம் இல்ல, நான் உங்க துணைவேந்தர் மேடத்தோட தங்கச்சி. குரல் மட்டும்தான் ஒண்ணு, மூஞ்சி எனக்கு எங்க அப்பா மாதிரி. பின்னாடி வந்து நின்னு திடீர்னு அவ குரல்ல ஒரு நிமிஷம்னு கூப்பிட்டா யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அதுவும் இத்தனை வருஷமா அவளுக்கு மைக் வெச்சவர் நீங்க. அவ தொண்டையைச் செருமுறதுகூட உங்களுக்குப் பழக்கம்.

விஷயம் இதுதான். நான் ஒரு போன் பேசணும். இந்த ஜன்னலுக்கு நேரா வெளிய ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. ஹாலுக்குள்ள ஓடுறது ஓடட்டும். இரங்கல் கூட்டத்தைக் கெடுக்கணும்னு எனக்கு என்ன ஆசையா, செத்தது எங்க அக்கா. வெளிய இருக்கிற அந்த ஒண்ணு மட்டும்.

ஏன் முடியாது? பதிவாளர் சொன்னாரா? எல்லாக் குழாயும் வளாகம் பூரா கேட்கணும்னா? சொல்லுவார். இப்ப மைக்ல அழுதுக்கிட்டே பேசுறது அவர்தானே? அவ உயிரோட இருந்தப்ப, அவ நிக்கிறான்னா லிஃப்ட்ல ஏறாம படியேறிப் போன மனுஷன். சரி விடுங்க, அழுகை வந்தா அழட்டும். பொய்யாத்தான் அழுறார்னு நான் சொல்ல மாட்டேன். அவ இல்லாம அவருக்கும் யாரைத் திட்டுறதுன்னு தெரியாமப் போயிருக்கும்.

வேற இடமா? தேடிப் பார்த்துட்டுத்தான்ணே உங்ககிட்ட வர்றேன். கேன்டீனுக்குப் பின்னாடி போனேன், அங்க ஒரு குழாய். லைப்ரரி மாடிப்படிக்கு அடியில போய் நின்னேன், எதிரொலி வேற சேர்ந்துக்கிச்சு. கடைசியா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். மேல இருக்கிற சின்ன ஜன்னல் வழியா மறைந்த துணைவேந்தர் அவர்கள், மறைந்த விஞ்ஞானி அவர்கள்னு கொட்டுது. வாயைத் திறந்தா மறைந்த, மறைந்த. ஒரு தடவை சொன்னாப் போதாதா? எங்களுக்குத் தெரியாதா? வெளிய போகலாம்னா வாசல் கேட்டுல ஒரே காரா நிக்குது, அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டா என்ன பண்றது? குடும்பத்தின் சார்பில் சகோதரி பேசுவார்னு போட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு பேருக்கு அப்புறம் நான்.

இல்ல, உட்காரல. உட்கார முடியல. நீங்க வேலையைப் பாருங்க, நான் இப்படியே நடந்துக்கிட்டே பேசுறேன். இந்த ஒயரை மிதிக்க மாட்டேன், கவலைப்படாதீங்க. நானும் மைக் வேலைதான். பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புச் சொல்றவ நான். பயணிகளின் கனிவான கவனத்திற்கு... ஆமா, அதேதான்! நீங்களும் கேட்டிருக்கீங்களா? இங்க படிக்க வர்ற பிள்ளைங்க பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் குரலைக் கேட்பாங்க. அப்புறம் வரவேற்பு விழாவுல அவ குரலைக் கேட்பாங்க. எங்க மேடம் பார்ட் டைமா பஸ் ஸ்டாண்டுல வேலை பார்க்குறாங்கன்னு ஹாஸ்டல் பூரா பேச்சு. இதைக் கேட்டு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! எனக்குத்தான் சிரிப்பு வரல. அவ பேசினா எழுந்து நிக்கிறாங்க, நான் பேசினா பையைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. குரல் ஒண்ணுதான்.

அவளுக்குப் பாசி மேடம்னு பட்டப்பேர், அது தெரியுமில்ல? குளத்துல, தொட்டியில, குழாயடியில பச்சையா வழுக்குமே, அதைப் பத்தித்தான் அவ படிப்பு முழுக்க. உலகம் பூரா போய்ப் பேசினா. நாம வழுக்கி விழுறதை வெச்சு அவ மேல மேல ஏறினான்னு எங்க தம்பி கிண்டல் பண்ணுவான். நானும் அவளும் ஒரே வீடு. அவ கல்யாணம் பண்ணிக்கல, எனக்குப் பண்ணினது நிலைக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நேரா மைக்ராஸ்கோப்புல குனிஞ்சிடுவா. போனை என் மடியில போட்டுடுவா. அடிச்சா நான் எடுத்துச் சொல்லுங்கன்னு சொல்லுவேன். அந்தப் பக்கம் கடகடன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க யாருன்னு யாராவது கேட்டாத்தானே நான் சொல்றதுக்கு?

ஒரு தடவை இப்படித்தான், லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் போன் பண்ணினாங்க. மாடித் தொட்டி ஒழுகுதாம், குளிக்கிற ரூம் எல்லாம் நாறுதாம், பிள்ளைங்க சண்டைக்கு வருதாம். நான் சும்மா, போனை வெக்கணுமேன்னு பார்க்கலாம்னு சொன்னேன். நீங்களும் நானும் பார்க்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்? தட்டிக் கழிக்கிறோம்னு அர்த்தம். அவ அகராதியில அப்படி இல்லண்ணே. அவ பார்க்கலாம்னு சொன்னா நாளைக்குக் காலையில வந்து நின்னு ரெண்டு கண்ணால பார்ப்பா. தொட்டின்னா ஏணி போட்டு மேல ஏறிப் பார்ப்பா, பாசி வேற இருக்குமே! அந்த அம்மா ராத்திரியோட ராத்திரியா ஆள் வெச்சுத் தேய்ச்சு, தொட்டியைக் கழுவி, ஒழுகுறதை அடைச்சு, வாசல்ல பூச்சட்டி வேற வாங்கி வெச்சுட்டாங்க. காலையில பூங்கொத்தோட நிக்கிறாங்க, யாரும் வரல. மத்தியானம் ஆகியும் வரல. கடைசியில அவங்களே அலுவலகத்துக்குப் போன் பண்ணி, மேடம் இன்னும் பார்க்க வரலையேன்னு கேட்டுட்டாங்க. அக்கா வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து ஒரு முறை முறைச்சா. அப்புறம், ஆறு மாசமா நான் எழுதி எழுதிக் கேட்டது நடக்கல, நீ ஒரு வார்த்தை சொன்னதும் நடந்துடுச்சு, நாளைலேருந்து நீயே போயேன்னு சொன்னா.

மைக்ல என்ன சொல்றார் அவர்? கோபமே வராதாமா? யாருக்கு, இவளுக்கா? காபி டம்ளரை அவ கண்ணாடித் தகடு மேல வெச்சுட்டேன்னு மூணு நாள் என்கூடப் பேசாம இருந்தவ. கோபப்படுவாண்ணே, நல்லா நறநறன்னு கோபப்படுவா. அதையும் சொல்லுங்களேன். ஏன் எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவிட்டு வழவழன்னு ஒருத்தியை மேடையில ஏத்துறீங்க? எனக்கு அவ வேணும். அந்த முறைக்கிறவ வேணும்.

இல்ல, தண்ணி வேண்டாம். அழல. மணி ஆகுதேன்னுதான் இருக்கு. இப்ப விட்டா மாத்திரை போட்டுத் தூங்கிடுவாங்க.

யாரா? எங்க அம்மாண்ணே. வேற யாரு.

தம்பி வீட்டுல இருக்காங்க, வேற ஊர். கீழ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணின வாரம்தான் அக்கா போனா. மைக்ராஸ்கோப்பு முன்னாடி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தா, அவ்வளவுதான், சாஞ்சுட்டா. அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கன்னு டாக்டர் சொன்னார். தம்பியும் கொஞ்சம் தேறட்டும்னான். அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பேப்பர் படிக்கிறது கிடையாது. மறைக்கிறது ஒண்ணும் கஷ்டமா இல்ல.

எல்லாம் முடிஞ்ச மறுநாள், அவ போன் என் மடியில கிடக்கு. அடிக்குது. தம்பி நம்பர். தம்பிதான்னு எடுத்தா, அம்மா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. சொல்லித் தொலைச்சிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். அம்மான்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அடுத்த வார்த்தையைத் தேடிக்கிட்டு நின்னேன். நான் என்னைக்கும் அப்படி ஆரம்பிச்சதே இல்லண்ணே. சொல்லு, என்ன வேணும்னுதான் ஆரம்பிப்பேன். அம்மான்னு கூப்பிட்டுட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறவ அவதான். அந்தப் பக்கத்துலேருந்து, ஏண்டி பெரியவளே, ரெண்டு நாளா எங்கடி போனேன்னு கேட்டாங்க.

இங்கதான் இருக்கேன்மான்னு சொல்லிட்டேன்.

அன்னையிலேருந்து தினம் சாயங்காலம். லீவு நாள்ல நேர்ல போனா நான் சின்னவ, முதுகு துடைச்சுவிட்டு, துணி மாத்திவிட்டு வருவேன். போன்ல பெரியவ. பெரியவ ஏன் நேர்ல வரலன்னு அவங்க கேட்கவே இல்ல. அவளுக்கு வேலை ஜாஸ்தின்னு அவங்களே எனக்குச் சமாதானம் சொல்றாங்க. தம்பிக்குத் தெரியும். முதல்ல நல்லதுதான்னான். இப்ப அம்மா எழுந்து நடக்குறாங்க, இனிமே மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான். நாளைக்குச் சொல்லிடப் போறான். அதனாலதான் இன்னைக்குப் பேசியே ஆகணும். பேசுறப்ப இந்தக் குழாய் பக்கத்துல மறைந்த மறைந்தன்னு கத்தினா?

நல்ல மனசு எல்லாம் இல்லண்ணே, அப்படிப் பார்க்காதீங்க. ஆரம்பத்துல அம்மா பாவம்னுதான் இருந்துச்சு. இப்ப அது இல்ல. என்கிட்டப் பேசினா எங்க அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, தலையணை உறை கிழிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். அவகிட்ட வேற மாதிரி பேசுறாங்க. அப்பாவைக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை ரோட்டுல பார்த்தாங்களாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சாகுறதுக்குப் பயமா இருக்குங்குறாங்க. நேத்து சொல்றாங்க, சின்னவ என்னை நல்லாத்தான் பார்த்துக்குறா, ஆனா அவகிட்டப் பேசவே பயமா இருக்குடி, எதைச் சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா, புருஷன் வீட்டுலேருந்து வந்தவ மனசுல என்ன இருக்குன்னு நானும் கேட்கல, நீதான் அவளைக் கவனிச்சுக்கணும்னு. இதை ஐம்பது வயசுல கேட்குறேன்ணே நான். அக்கா செத்ததுக்கு அப்புறம்தான் எங்க அம்மா என்கிட்டப் பேசுறாங்க.

நிறுத்திட்டீங்களா? அட, அவர் கத்துவாரே. கத்தினா நான்தான் ஒயரை மிதிச்சுட்டேன்னு சொல்லிடுங்க. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. இல்ல, நீங்க வெளிய போக வேண்டாம், இருங்க. ரிங் போகுது.

அம்மா...

ஆமாம்மா, பெரியவதான். சாப்பிட்டியா? ம். ம். சத்தம் எல்லாம் ஒண்ணும் இல்லம்மா, ஏதோ மீட்டிங். சின்னவளா? இருக்காம்மா, பக்கத்துலதான் இருக்கா. இல்ல இல்ல, அவகிட்டக் குடுக்கல. நீ சொல்லு.