நின்ன எடத்துல வெடிச்ச மேனிஃபோல்டு

ஜெய்சன்: சும்மா நின்ன காரு தம்பி. சாம்பல் புதன்லருந்து ஒரு அடி நகத்தல. பெறகு எப்பிடி மேனிஃபோல்டு வெடிக்கும்?

ரோஷன்: அதத்தாண்ணே நானும் யோசிக்கிறேன்.

ஜெய்சன்: நீ யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? போன டிசம்பர்ல ஒன் பட்டறையில, ஒன் கையால போட்டது.

ஐரின்: மெதுவா பேசுங்க. தம்பி ரம்ஜான் நோன்புல இருக்குது.

ஜெய்சன்: நானுந்தான் இருக்கேன். தவக்காலத்துக்கு எல்லாரும் கறிய விடுவாங்க, நான் காரையே விட்டவன். மாதா படத்துக்கு முன்னாடி சாவிய வச்சு, ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன். பேட்டரி எறங்கிருமேன்னு நேத்து சும்மா ஸ்டார்ட் பண்ணேன்… டிக்கு டிக்குன்னு சத்தம். இன்னைக்கும் ஓட்டலயே! தல்லாகுளத்துலருந்து பழங்காநத்தம் வரைக்கும் கயித்தக் கட்டி இழுத்துட்டுல்ல வந்திருக்கேன்.

ஐரின்: ரோடே வேடிக்க பாத்துச்சு.

ஜெய்சன்: பாக்கட்டும். விட்டதுன்னா விட்டதுதான்.

ரோஷன்: சரிண்ணே, புதுசு எதப் போடுறதுன்னு மொதல்ல பாப்போம். இது காஸ்ட் அயன், வார்ப்பிரும்பு, பழசு மாதிரியே. இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. நாலு குழாயத் தனித்தனியா வளச்சு வெல்டு வச்சது.

ஐரின்: இது பளபளன்னு நல்லாருக்கே. இதுக்கு என்ன வேல தம்பி?

ரோஷன்: இஞ்சின்லருந்து வர்ற சூட்டுப் புகைய டர்போவுக்குக் கொண்டுபோற குழாக்கா. அந்தப் புக தள்ளித்தான் டர்போ சுத்தும், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்.

ஐரின்: ஆமா ஆமா… திடீர்னு முதுகச் சீட்டோட வச்சு அழுத்தும்.

ஜெய்சன்: ஒனக்கெப்பிடித் தெரியும்?

ஐரின்: சோத்துல கைய வச்சாலும் நீங்க அதத்தானே சொல்றீங்க.

ஜெய்சன்: ஸ்டீலே போடு தம்பி. ஈஸ்டர் முடிஞ்சதும் கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்குக்குப் போகணும்.

ரோஷன்: ட்ராக்குக்கு ஸ்டீலு நல்லதுதாண்ணே. மேல் வேகத்துல அருமையா இழுக்கும். ஆனா வருசத்துல நீங்க ட்ராக்குல நிக்கிறது ரெண்டு நாளு. மிச்ச நாளெல்லாம் கோரிப்பாளையம் சிக்னல்லதான நிக்கிறீங்க? அம்புட்டுச் சூட்டுல டர்போ கனமும் சேந்து தொங்குனா வெல்டு விட்டுரும். காஸ்ட் அயன் கொஞ்சம் மந்தம், ஆனா தாங்கும்.

ஜெய்சன்: தாங்குன லச்சணத்தத்தான் பாக்குறோமே!

ரோஷன்: அதாண்ணே… இது ஏன் வெடிச்சுச்சுன்னு தெரியாம எதப் போட்டாலும் அதுவும் வெடிக்கும்.

ஜெய்சன்: ஒனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிரு. நான் நம்ம டர்போ வாட்சாப் குரூப்புல போட்டுக்கிறேன், ரோஷன் போட்ட சாமான் நின்ன எடத்துல வெடிக்கும்னு.

ரோஷன்: அண்ணே… எனக்கு வர்ற வேல பூராம் அந்தக் குரூப்புலருந்துதான் வருது. அதப் போட்டீங்கன்னா பெருநாளு முடிஞ்சதும் நான் பட்டறைய மூடிற வேண்டியதுதான்.

ஐரின்: அதெல்லாம் எதுக்குங்க, பாவம்…

ஜெய்சன்: நீ சும்மா இரு.

ரோஷன்: தெரியாமலாம் இல்லண்ணே. அக்கா முன்னாடி சொல்ல வேணாமேன்னு பாத்தேன். பழுக்கக் காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா இப்பிடித்தான் வெடிப்பு விடும்.

ஜெய்சன்: தண்ணியா? பானட்டுக்குள்ள எவன் போயி தண்ணி ஊத்துவான்?

ரோஷன்: மேல மூடியிருந்த தகட்ட நீங்கதானே கழட்டச் சொன்னீங்க, தொறந்தா அழகாத் தெரியணும்னு. வாளியோட ஊத்துனா நேரா இதுமேலதான் விழும்.

ஜெய்சன்: ஓடாத வண்டி எப்பிடிக் காயும்? நோன்பு வாயோட பொய் பேசுற.

ரோஷன்: அந்தப் பேச்சு மட்டும் வேணாம்ணே. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ஜெய்சன்: அப்ப நான் பொய் சொல்றேனா? மாதா முன்னாடி சாவிய வச்சவன்… நான்?

ஐரின்: போதும் நிறுத்துங்க. நான்தான்.

ஜெய்சன்: எது நான்தான்?

ஐரின்: ஓட்டுனது. தண்ணி ஊத்துனது. எல்லாம்.

ஜெய்சன்: நீயா? ஒனக்கு அந்தக் காரக் கண்டாலே ஆகாதே!

ஐரின்: முந்தாநாளு எங்க ஸ்கூல்ல அர நாளு லீவு விட்டாங்க. நீங்க ஆபீஸ்ல. சாவி மாதா முன்னாடி சும்மா கெடந்துச்சு… பரவை வரைக்கும் போயிட்டு வந்துருவோம்னு எடுத்தேன். திண்டுக்கல் ரோட்டுல ஒரே ஒரு மிதி… அம்புட்டு நல்லா இருந்துச்சுங்க. வித்துத் தொலைங்கன்னு சொன்ன இதே வாயி, ஓன்னு கத்திருச்சு.

ஜெய்சன்: தண்ணி எதுக்கு ஊத்துன?

ஐரின்: வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா நீங்க பானட்டத் தடவுவீங்கள்ல, மாட்டத் தடவுற மாதிரி. சூடா இருந்தா மாட்டிக்குவேனே. அதான் தொறந்து ஒரு வாளி…

ரோஷன்: யா அல்லா.

ஜெய்சன்: தவக்காலத்துல! மாதா முன்னாடி நான் வச்ச சாவிய எடுத்து! கொஞ்சமாச்சும் பயம் வேணாம்?

ஐரின்: தப்புதான். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன். குரூப்புல போடணும்னா என் பேரப் போடுங்க, தம்பி பேரு வேணாம்.

ஜெய்சன்: ம்… மன்னிச்சுக்க தம்பி. வீட்டுக்குள்ளயே இப்பிடி இருக்கும்போது நான் ஒன்னையப் பேசிட்டேன்.

ரோஷன்: பரவால்லண்ணே. ஆனா அக்கா… எத்தன வாட்டி ஊத்துனீங்க?

ஐரின்: ஒரே ஒரு வாட்டிதான். சத்தியமா.

ரோஷன்: இடிக்குதே. வெடிப்பு ரெண்டுல்ல இருக்கு. இங்க பாருங்க, இதுல உள்ள வரைக்கும் கரி ஏறியிருக்கு, பழசு. இது இப்பத்தான் விட்டது.

ஜெய்சன்: சரி விடு தம்பி. நீ சொன்ன காஸ்ட் அயனே போடு.

ஐரின்: இருங்க. நான் எடுக்குறதுக்கு முந்துன வெள்ளிக்கிழம, சிலுவைப்பாத முடிஞ்சு வந்து நானும் பானட்டத் தொட்டுப் பாத்தேன், நீங்க எடுத்திருப்பீங்களோன்னு. சில்லுன்னு இருந்துச்சு… ஈரமா இருந்துச்சு. இடுப்பு வலி, முட்டி போட முடியாதுன்னு வீட்ல இருந்தீங்களே…

ஜெய்சன்: தம்பி, எப்ப ரெடி ஆகும்?

ஐரின்: என்னங்க, என்னையப் பாருங்க. சாவிதான் மாதா முன்னாடி அப்பிடியே இருந்துச்சே?

ஜெய்சன்: அது இருந்துச்சு… காரு வாங்கும்போது ரெண்டு சாவி குடுத்தாங்கல்ல? மாதாகிட்ட ஒண்ணுதான் வச்சேன்.