மண்மேட்டைப் பிடித்த கேப்டன்

பந்திக்கு இலை போட இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்னு சொல்றாங்க... அதுக்குள்ள உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். யுத்தக் கதை. கல்யாண வீட்டுல யுத்தக் கதையான்னு பார்க்காதீங்க... வேற எங்க சொல்றது?

முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, பொல்டாவாங்கிற ஊர்ல சுவீடன்காரங்களுக்கும் ரஷ்யாக்காரங்களுக்கும் பெரிய சண்டை. சண்டை சரித்திரம், நான் சொல்லப்போற ஆளுங்க என் கற்பனை. அன்னைக்கு வரைக்கும் சுவீடன் படைன்னா அக்கம்பக்கத்து நாடெல்லாம் நடுங்கும்.

ரஷ்யாக்காரன் என்ன பண்ணான்? தன்னோட முகாமுக்கு முன்னாடி, வர்ற வழியில, சின்னச் சின்னதா மண்ணைக் குவிச்சு அரண் கட்டினான். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் துப்பாக்கிக்காரங்களை உட்கார வெச்சான். சுவீடன் படைக்கு வந்த உத்தரவு தெளிவு. மண்மேட்டுக்கிட்ட நிக்காதே. தாண்டிப் போ. சண்டை அந்தப் பக்கம்.

அந்தப் படையில ஆர்விட்னு ஒரு கேப்டன். நல்ல வீரர். மீசை மேல மட்டும் கொஞ்சம் கூடுதல் பாசம். விடியற நேரத்துல தன் ஆளுங்களோட ஒரு மண்மேட்டைத் தாண்டிப் போறார். தாண்டியே போயிட்டார்... அப்ப மேட்டுக்குள்ளேருந்து தேரென்தின்னு ஒரு ரஷ்யச் சிப்பாய் தலையை நீட்டினான். முன்னாடி சுவீடன்ல கைதியா இருந்தவன். அந்த பாஷை கொஞ்சம் தெரியும். ஒரு பாஷையில நாம முதல்ல எதைக் கத்துக்குவோம்? அதேதான்... வசவு.

நிதானமா கேட்டான்: "கேப்டன், அது மீசையா, இல்ல மூக்குக்குக் கீழ எலி செத்துக் கிடக்கா?"

நீங்க சிரிக்கிறீங்க. அவரோட சொந்த ஆளுங்களும் சிரிச்சாங்க... அதுதான் அவருக்குத் தாங்கலை. எல்லாரையும் திரும்பச் சொன்னார். அவர்கூடவே பல சண்டை பார்த்த சார்ஜென்ட் யோன்ஸ், பக்கத்துல வந்து மெதுவா சொன்னார்: "ஐயா, நம்மளை முன்னாடி போகச் சொல்லியிருக்காங்க. அவன் பேசினா பேசிட்டுப் போறான்."

கேப்டன் கேட்டார்: "உன் மீசையையா சொன்னான்?"

ஏறினாங்க. குண்டு வந்தது... இறங்கினாங்க. மறுபடியும் ஏறினாங்க. கையில ஏணி கிடையாது. ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் ஏறி, விழுந்து, ஏறி... நடுவுல பெரிய படையிலேருந்து ஒருத்தன் குதிரையில ஓடி வந்து, அங்க ஆள் பத்தலை, உடனே வாங்கன்னு கூப்பிட்டான். இவர், இதோ, இதை மட்டும் முடிச்சிட்டு வந்திடறேன்னு சொல்லி அனுப்பிட்டார். எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல?

கடைசியில பிடிச்சிட்டார். ஆமாங்க, மண்மேட்டைப் பிடிச்சே பிடிச்சிட்டார். யோன்ஸ் கீழே செத்துக் கிடக்கார். கூட வந்தவங்கள்ல பாதிப்பேர் இல்லை. கேப்டன் உச்சியில ஏறி நின்னு நிமிர்ந்து பார்க்கிறார்... தூரத்துல புழுதி. சுவீடன் படை ஓடிக்கிட்டிருக்கு. எதுக்காக அவ்வளவு தூரம் நடந்து வந்தாரோ, அந்தச் சண்டை அவர் இல்லாமலேயே முடிஞ்சுபோச்சு.

தேரென்தி கையைத் தூக்கிட்டு நிக்கிறான். கேப்டன் அவனை அடிக்கலை. கேட்டார்: "நாங்க பாட்டுக்குப் போயிட்டிருந்தோமேடா... ஏன் கூப்பிட்டே?"

அவன் சொன்னான்: "உங்களை ஜெயிக்கிறது எங்க வேலை இல்லீங்க. நிறுத்தி வைக்கிறதுதான் எங்க வேலை."

சாயங்காலம் கேப்டன் கைதி.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். பத்திரிகையில என் இனிஷியலை விட்டுட்டாங்கன்னு ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்... நான் அந்தப் பக்கம் பார்க்கலை. அது மண்மேடு. மாப்பிள்ளை வீட்டுக்குக் காபி ஆறிப்போய் வந்தது... அதுவும் மண்மேடு.

மாப்பிள்ளை, கல்யாணப் பொண்ணே... உங்க சமையலைச் சொல்லுவாங்க, சம்பளத்தைச் சொல்லுவாங்க, நிறத்தைச் சொல்லுவாங்க. காதுல விழத்தான் செய்யும். நிக்காம நடங்க. நின்னா தோத்துடுவீங்கன்னு சொல்லலை...

ஜெயிச்சுடுவீங்க. அதுதான் எனக்குப் பயம்.