நான்காவது கன்ட்ரோலர்

ஃபாதர், போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்கு வரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, என் வண்டி ரிப்பேர் பட்டறையிலும் வேலை இல்லை. வீட்டில் என் மகனோடு டிவியில் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டியவன் சொல்கிற காரணமா இது என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள், பரவாயில்லை. என் மனைவி ஜெனவீவும் தலையில் அடித்துக்கொள்வாள்.

பழைய கேம்தான் அது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது லூனாஸ் பசார் மாலாம் இரவுச் சந்தையில் அதன் சிடியை வாங்கி வந்தேன். கார்ட்டூன் மிருகங்கள் வண்டி ஓட்டிக்கொண்டே ஒன்றையொன்று சுடும். வாத்துக்கு ஐஸ்கிரீம் லோரி, பன்றிக்கு டிராக்டர். லோரி வெடித்துச் சிதறினாலும் கொஞ்ச நேரத்தில் அதே வாத்து புது லோரியோடு வந்து நிற்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. கெட்டது எதையும் நான் என் பிள்ளைகள் கையில் கொடுத்ததில்லை, ஃபாதர்.

அதே கேமை இப்போது படம் பளிச்சென்று தெரிகிற மாதிரி புதுப்பித்து விட்டிருக்கிறார்கள். மகன் டெனிஸ்தான் இறக்கினான். நான், ஜெனவீவ், மகள் அலிசியா, டெனிஸ் என்று நால்வரும் மறுபடி ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஞாயிறு பூசை முடிந்து, கோழிக்கறி சாப்பிட்டு, பொழுது சாயும்வரை ஒரே சத்தம்தான்.

"அம்மா, வழியில நிக்காதீங்கலா, சுட்டுருவேன்" என்பாள் அலிசியா.

"சுடுடி. ராத்திரிக்கு யாரு சோறு போடுறான்னு பாக்குறேன்" என்பாள் ஜெனவீவ்.

நான் எப்போதும் கடைசியில்தான் வருவேன். என் கன்ட்ரோலர் பழசு, குச்சி தேய்ந்துபோனது. ஆனாலும் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

பிறகு ஒருநாள், கூலிம் ஹைடெக் ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த டெனிஸ், சட்டையைக்கூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றான்.

"அப்பா, சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சு. அடுத்த மாசம் போறேன்."

நான் எழுந்து கை கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, "கவலப்படாதீங்கப்பா. அங்கேருந்தே ஆன்லைன்ல சேர்ந்து விளையாடலாம்லா. ஒரே கேம்தான்" என்றான்.

ஒரே கேம் இல்லை, ஃபாதர். பக்கத்து வீட்டு அய்யாவு மகனும் இப்படித்தான் சிங்கப்பூர் போனான். முதலில் தீபாவளிக்கு வந்தான். அப்புறம் போன் வந்தது. இப்போது அதுவும் இல்லை. அய்யாவு டிவிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. அவன் கையில் ஒன்றும் இல்லை, பாவம். என் கையில் தொழில் இருந்தது.

டெனிஸின் மோட்டர் சைக்கிளை எப்போதும் நான்தான் சர்வீஸ் செய்வேன். அவசரத்தில் செய்யவில்லை, நன்றாக யோசித்தேன். கால் எலும்பு முறிந்தால் கூடும். நம் ஆஸ்பத்திரியிலேயே கூட்டிவிடுவார்கள். கூடுவதற்குள் அந்தக் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். கால் போதும். கை வேண்டும், கன்ட்ரோலர் பிடிக்க. தலைக்கு எதுவும் வரக் கூடாது என்று புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், நல்ல சாமான். பிரேக்கில் செய்ய வேண்டியதைச் செய்தேன். எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியேறும் வளைவில் எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். பக்கத்திலேயே கால்வாய். அங்கே மெதுவாக விழுவான். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

அன்று காலை ஹெல்மெட் வாரை நானே இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டேன். "சின்னப் பையனாப்பா நானு" என்று சிரித்தான்.

அந்த வளைவில் அவனுக்கு பிரேக் பிடிக்க வேண்டியே வரவில்லை. எதிரில் வண்டி இல்லை போல. நேராகச் செம்பனைக் காட்டு ரோட்டில் கூலிமுக்குப் போயிருக்கிறான். திரும்பும்போது தூறல். முன்னால் பழம் ஏற்றிய லோரி. அதுவரை அரைகுறையாகப் பிடித்த பிரேக் அங்கே விட்டுவிட்டது. எதற்குப் போனான் என்பது அவன் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எனக்குப் புதுக் கன்ட்ரோலர் வாங்கியிருந்தான். சிங்கப்பூர் போவதற்கு முன்னால் அப்பாவுக்கு நல்லது ஒன்று இருக்கட்டும் என்று. டப்பா நசுங்கவில்லை.

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. காலில் ஒரு கீறல்கூட இல்லை. தோளில் நரம்பு அறுந்து, வலது கை தொங்கிப்போனது.

மோட்டரை நான்தான் பட்டறைக்கு இழுத்து வந்தேன். யாரும் பார்ப்பதற்குள் பிரேக்கைச் சரி செய்தேன். ஆஸ்பத்திரியில் அலிசியா என்னென்னவோ கேட்டாள். அவளுக்கு டெனிஸ்தான் பதில் சொன்னான்.

"அப்பா பாத்த வண்டில ஒரு கொறையும் இருக்காதுலா. நான்தான் மழையில வேகமா போயிட்டேன்."

அன்று நான் அழுதேன், ஃபாதர். பொய் அழுகை இல்லை. நல்ல கையால் அவன் என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

சிங்கப்பூர் பேச்சு நின்றுபோனது. ஞாயிறு தவறாமல் விளையாடுகிறோம். கன்ட்ரோலரின் இடது பாதியை அவன் பிடித்துக்கொள்வான், நான் அவன்மேல் சாய்ந்து வலது பாதியை அழுத்துவேன். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிதான். அவன் ஓட்ட, நான் சுட, இருவருக்கும் ஒரே லோரி. புதுக் கன்ட்ரோலர் அதற்கு நன்றாக உழைக்கிறது. போன ஞாயிறு காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம், முதல்முறையாக ஜெயித்தோம். எழுந்து வர மனம் வரவில்லை. பூசையைத் தவறவிட்டது அதனால்தான்.

அவன் முன்பு போல் சிரிப்பதில்லை, அது உண்மை. அதெல்லாம் போகப் போகச் சரியாகும்.

ஆனால் அலிசியா விடமாட்டேன் என்கிறாள். கோலாலம்பூரில் ஒரு டாக்டர் நரம்பை மாற்றி இணைப்பாராம். நாள் கடந்தால் முடியாதாம், கை அப்படியே நின்றுவிடுமாம். அவள் லீவு போட்டுவிட்டாள், அங்கே வீடும் பார்த்துவிட்டாள். சமைத்துப் போட ஜெனவீவும் போகிறாள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "கை வர்றவரைக்கும்ப்பா" என்றாள். என்னையும் வாருங்கள் என்று கூப்பிட்டாள்தான். பட்டறையை யார் பார்ப்பது? நாளைக் காலை மூவரும் கிளம்புகிறார்கள். சோபாவில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன், அய்யாவு மாதிரி.

அவளுடைய கார் இப்போது என் பட்டறையில் நிற்கிறது. நேற்று அவளே கொண்டுவந்து விட்டாள்.

"ஹைவேல போகணும்ப்பா. பிரேக்க மட்டும் கொஞ்சம் பாத்து வைங்க. நீங்க பாத்தா எனக்குப் பயமில்ல."

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றே வந்தேன். பூசை தவறியதற்கு ஜெபமாலை சொல்லிவிடுகிறேன். மற்றதையும் சேர்த்து இப்போதே மன்னித்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், ஃபாதர்? நான் பெற்ற பிள்ளைகள். எனக்கு அக்கறை இருக்காதா? நாளைக்கு மூன்று பேரின் சீட் பெல்ட்டையும் நானே இழுத்துப் பார்த்து மாட்டிவிடுவேன். இந்த முறை கைக்கு ஒன்றும் ஆகாது.