ஆந்தைக்கு மூன்று விலாசம்

அக்கா: அந்தக் குடை லைட்டை அணைச்சிட்டு இப்படி வந்து உக்காரு.

தம்பி: வெளியில ஒருத்தர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிறாரு...

அக்கா: அவரை அனுப்பிட்டேன்.

தம்பி: என்னன்னு சொல்லி?

அக்கா: ஸ்டூடியோக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு. இன்னும் கொஞ்ச நேரத்துல அது உண்மையாயிடும். உக்காரு.

தம்பி: இது கஸ்டமர் உக்கார்ற ஸ்டூல்க்கா.

அக்கா: இன்னைக்கு உன் மூஞ்சியத்தான் பார்க்கணும். தாடையத் தூக்கு. நேரா பாரு. காலையில செங்கல் சூளைப் பக்கம் போனேன்.

தம்பி: ...ம்.

அக்கா: என்னடா 'ம்'? சூளை ரோட்டுல சைக்கிள் போக வழியில்ல. ரெண்டு பக்கமும் காரு. ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. ஒருத்தன் புகைபோக்கில பாதி ஏறிட்டான். இன்னொருத்தன் குறுக்க நின்ன மரக்கிளைய வெட்டிப் போட்டுட்டான். படத்துல மறைக்குதாம். மரத்தைப் பெத்து வளர்த்த மாதிரி.

தம்பி: நம்ம ஒலிபெருக்கிப் பய வந்திருந்தானா?

அக்கா: அவன் இல்லாமலா? அந்தப் பாழாப்போன ஸ்பீக்கரை சுவத்து மேல வச்சு, பட்டப்பகல்ல ஆந்தைக் குரலை அலற விட்டுட்டிருக்கான்.

தம்பி: ஆந்தை வந்துச்சா?

அக்கா: என்ன கேட்ட?

தம்பி: இல்ல... அவ்வளவு நேரம் கூப்பிட்டிருக்கானே, வந்துச்சான்னு...

அக்கா: நக்கலா? குஞ்சு ரெண்டும் இன்னும் பஞ்சு உருண்டையா இருக்குடா. ஒரு இறகு உருப்படியா முளைக்கல. கூட்டத்தைப் பார்த்து தாய் எழுந்து போச்சுன்னா வெயில்லயே வெந்துரும். இல்ல, பயத்துல பின்னாடி பின்னாடி நகர்ந்து கீழ விழும். கீழ நாய் சுத்துது. கொம்பன் ஆந்தை இந்தப் பக்கம் குஞ்சு பொரிச்சு நீ எப்பவாவது பார்த்திருக்கியா?

தம்பி: இல்ல.

அக்கா: இனிமேலும் பார்க்க மாட்ட. உன் புண்ணியத்துல.

தம்பி: நான்தான் சொன்னேன்னு எப்படி...

அத்தான்: என்ன சத்தம் இது? நம்ம கடை வரைக்கும் கேக்குது. திரை வாங்க வந்த அம்மா, பக்கத்துல ஏதோ அடிதடின்னு துணிய வச்சிட்டுப் போயிட்டாங்க.

அக்கா: நீங்க எதுக்கு வந்தீங்க? ஓட்டல்காரங்க திரைக்கு வளையம் கோக்கச் சொன்னேன்ல?

அத்தான்: கோத்துட்டேன். பாதி. மீதிய நிம்மதியா கோக்கலாம்னு பார்த்தா, மாப்ளைய நீ உரிச்சுத் தொங்க விட்டிருவ போலிருக்கே.

அக்கா: உரிக்கத்தான் போறேன். வேணும்னா நின்னு பாருங்க. குறுக்க பேசக் கூடாது.

அத்தான்: நான் என்னைக்கு குறுக்க பேசியிருக்கேன்?

அக்கா: பறவை பார்க்கிற நம்ம குரூப்புல இருக்கிறதே ஒரே ஒரு சட்டம். கூட்டை எவன் கண்டுபிடிச்சாலும், குஞ்சு பறந்து போற வரைக்கும் இடத்தை வெளிய விடக் கூடாது. அதை எழுதிப் போட்டது யாரு?

தம்பி: நான்.

அக்கா: ஆத்தங்கரையில பஞ்சுருட்டான் குருவி முட்டை வைக்க வளை தோண்டுச்சே, ஞாபகம் இருக்கா? எவனோ ஒருத்தன் பெருமைக்கு இடத்தைச் சொன்னான். போனவனெல்லாம் நல்லவன்தான். ஒருத்தனும் கல்லெடுத்து அடிக்கல. மேட்டு மேல நின்னு நின்னே மொத்த வளையையும் இடிச்சு மூடிட்டானுங்க. அதைப் பார்த்துட்டு வந்து அழுதியே, அது யாரு? உன் டூப்பா?

தம்பி: போதும்க்கா.

அக்கா: போதாது. ஒலிபெருக்கிகிட்ட சூளைன்னு சொன்னது நீதானே?

தம்பி: ...

அக்கா: வாயத் திற.

தம்பி: ஆமா. நான்தான் சொன்னேன். நேத்து சாயங்காலம். யாருகிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னேன்.

அத்தான்: ஒலிபெருக்கிகிட்டயா? யாருகிட்டயும் சொல்லாதேன்னா? மாப்ள, அதுக்கு நீ பேப்பர்ல அரைப்பக்க விளம்பரம் குடுத்திருந்தா கூட நாலு பேரு பார்க்காம விட்டிருப்பான்.

அக்கா: பார்த்தீங்களா? என்ன தெனாவட்டா சொல்றான் பாருங்க. ஏன்டா சொன்ன? என்ன தர்றேன்னான்? அவனோட பெரிய லென்ஸை ஒரு நாள் வச்சுக்கோன்னானா?

தம்பி: அப்படியா நினைக்கிற?

அக்கா: வேற எப்படி நினைக்க? நாய் வித்த காசு குரைக்காதுன்னு இருந்துட்டியா?

தம்பி: வார்த்தைய அளந்து பேசுக்கா.

அக்கா: துணிய அளக்கிறவதான் நான். உனக்கெல்லாம் வார்த்தைய அளக்கத் தேவையில்ல.

தம்பி: சரி. நான் ஒண்ணு கேக்குறேன். இடம் தெரிஞ்சவங்க மூணு பேரு. நான், அத்தான், மாட்டு டாக்டர். மூணு பேர்ல நான்தான்னு எப்படி அடிச்சுப் பேசுற? ஒலிபெருக்கி சொன்னானா?

அக்கா: அவன் எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியும்.

தம்பி: அதான் எப்படி?

அத்தான்: ஏம்மா, நான் எவன்கிட்டயும் சொல்லல. ரயில் பாலத்துப் பேச்சையே நான் எடுக்கல.

தம்பி: எந்தப் பாலம், அத்தான்?

அத்தான்: ரயில் பாலம்தான். மூணாவது தூணுக்குப் பக்கத்துல, மேல விரிசல்ல... இவதானே சொன்னா.

அக்கா: குறுக்க பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?

அத்தான்: இருடி. நீ சூளைங்கிற. எனக்குப் பாலம்னு சொன்ன. ஒரு ஆந்தை எப்படி ரெண்டு இடத்துல அடைகாக்கும்? அதுக்கென்ன கிளை வியாபாரமா?

தம்பி: டாக்டருக்கு எந்த இடம்க்கா?

அக்கா: ...

தம்பி: இப்ப நீ வாயத் திற.

அக்கா: பழைய மில்லு.

அத்தான்: மில்லா?

அக்கா: ஆமா. ஆளுக்கு ஒரு இடம் சொன்னேன். எந்த இடத்துல கூட்டம் கூடுதோ, அந்த ஆளு ஓட்டை வாய். அப்பா தரகர்களை இப்படித்தான் பிடிப்பாரு. ஒரே சரக்கு, மூணு தரகருக்கு மூணு விலை. மறுநாள் சந்தையில எந்த விலை காதுல விழுதோ, அந்தத் தரகருக்கு அதோட கும்பிடு. தப்பா?

அத்தான்: தப்பா சரியான்னு அப்புறம் பார்க்கலாம். பாலத்துல ஆந்தை இல்லையா?

அக்கா: இல்ல.

அத்தான்: அடிப்பாவி. அது பயந்துரும்னு நான் அந்தப் பாலத்துக்கிட்ட போனாலே வண்டிய அணைச்சிட்டு உருட்டிட்டுப் போறேன். பார்க்கிறவனெல்லாம் பெட்ரோல் தீர்ந்துபோச்சான்னு கேக்குறான். ஒருத்தன் பாவம்னு லிட்டர் பாட்டில்ல கொண்டு வந்தே குடுத்தான்.

அக்கா: உங்களை நம்பாம இல்லங்க...

அத்தான்: பொண்டாட்டிக்கு நான் தரகரு. நல்லாயிருக்கு. இத்தனை வருஷக் குடித்தனத்துல இது தெரியாமப் போச்சு.

அக்கா: உங்களுக்கு வாய் நிக்காது. டாக்டருக்கு ஊர் முழுக்க ஆளு. இவன் ஒருத்தன்தான்... இவனுக்கு நான் பேருக்குத்தான் ஒரு இடம் சொன்னேன். மத்த ரெண்டு பேருக்கும் சொன்னேனே, கணக்குக்கு இவனுக்கும் சொல்லுவோம்னு. இவன்னு நான் நினைக்கவே இல்ல. காலையில அந்தப் புகைபோக்கியப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிட்டேன். தூக்கி வளர்த்த கை இது.

தம்பி: தூக்கி வளர்த்த கைதான் பொய்ய ஊட்டியிருக்கு.

அக்கா: பொய் சொன்னதாலதான் அந்தக் குஞ்சு ரெண்டும் இன்னைக்கு உயிரோட இருக்கு. உண்மையச் சொல்லியிருந்தா? யோசிச்சுப் பாரு. இந்த நேரத்துக்கு அதுங்க தலைக்கு மேல ஸ்பீக்கர் அலறிட்டிருக்கும். உனக்குக் கோவம் வேற வருதா?

தம்பி: வருது. ரொம்ப நாளாவே வருது.

அக்கா: என்ன ரொம்ப நாளா?

தம்பி: நீ சொன்ன மறுநாளே சூளைக்குப் போனேன்.

அக்கா: போகாதேன்னு சொன்னேன்ல?

தம்பி: சொன்ன. தூரத்துலருந்து ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு போனேன். கேமரா கூட எடுத்துட்டுப் போகல. சத்தம் கேக்கக் கூடாதுன்னு செருப்பைக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு நடந்தேன். கால் முழுக்க முள்ளு. ரோட்டுலருந்து ஒண்ணும் தெரியல. சுவத்தை ஒட்டி ஒட்டி உள்ள வரைக்கும் போனேன்.

அக்கா: அப்புறம்?

தம்பி: அப்புறம் என்ன? கீழ ஒரு சொட்டு வெள்ளை எச்சம் இல்ல. எலி முடியும் எலும்புமா கக்கிப் போடுமே, அதுல ஒரு உருண்டை இல்ல. ஆந்தை குடியிருக்கிற இடம் அவ்வளவு சுத்தமாவா இருக்கும்? உன் கடையை விட சுத்தமா இருந்துச்சு. அங்கயே ஒரு செங்கல்லு மேல உக்காந்து ஒவ்வொரு முள்ளா எடுத்தேன். அக்கா நம்மகிட்ட பொய் சொல்லிட்டாளேன்னு.

அத்தான்: அப்ப உனக்கு முதல்லயே தெரியும். எனக்கு மட்டும்தான் கடைசி வரைக்கும் தெரியல.

அக்கா: தெரிஞ்சுட்டு என்கிட்ட ஏன் கேக்கல?

தம்பி: என்னன்னு கேக்குறது? ஏன்க்கா என்னைத் தரகர் ஆக்கினன்னா? நீயா ஒரு நாள் சொல்லுவன்னு இருந்தேன். தினமும் கடைக்கு வர்றேன், டீ குடிக்கிறேன், குஞ்சு எப்படி இருக்குன்னு கேக்குறேன். நீயும் கண்ணு சிமிட்டாம 'நல்லாயிருக்கு, புகைபோக்கி நிழல்ல சுகமா இருக்கு'ங்கிற.

அக்கா: சரி, நான் பொய் சொன்னேன். உனக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்காக? என் மேல இருக்கிற கோவத்துல ஊர்க் கூட்டத்தைக் கூட்டிட்டுப் போயி அங்க விடுவியா? மரத்தை வெட்டினானே, அதுல வேற எதாச்சும் கூடு இருந்திருந்தா? இது எந்த ஊரு நியாயம்?

தம்பி: மரத்துக்கு நான்தான் பொறுப்பு. ஒத்துக்கிறேன். ஆனா கோவத்துல சொல்லல.

அக்கா: பின்ன எதுல சொன்ன?

தம்பி: வேற வழியில்லாம சொன்னேன். நேத்து சாயங்காலம் ஒலிபெருக்கி இங்க வந்தான். அத்தான், நீங்க கொஞ்சம் கதவைச் சாத்துங்க.

அத்தான்: சாத்திட்டேன். சொல்லு.

தம்பி: வந்தவன் நேரா என்கிட்ட கேட்டான். 'உன் அக்கா குவாரியில ஆந்தைய ஒளிச்சு வச்சிருக்கா போல, காலையில கிளம்புறோம், நீயும் வர்றியா'ன்னு.

அக்கா: ...எந்தக் குவாரி?

தம்பி: இந்தப் பக்கம் எத்தனை குவாரி இருக்கு? வேலை நின்னுபோன அந்தக் கல்குவாரிதான். சரிதானே? உன் மூஞ்சியே சொல்லுது. எனக்கும் அப்பதான் தெரியும். அவன் நாலு கார் பேசி வச்சிட்டான். விட்டா விடியறதுக்குள்ள அங்க நிப்பான். நான் சிரிச்சேன். 'குவாரின்னு உனக்கு யாரு சொன்னா, அக்கா எனக்கே சொல்லியிருக்கா, சூளைப் புகைபோக்கியில இருக்கு, யாருகிட்டயும் சொல்லாதே'ன்னேன். கூடப் பிறந்தவன் சொல்றானேன்னு நம்பிட்டான். உன் பொய் நல்ல சரக்கு. நான் கைமாத்தி விட்டேன். அவ்வளவுதான்.

அக்கா: அதை உடனே என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

தம்பி: ராத்திரி போன் பண்ணேன். அத்தான் எடுத்தாரு.

அத்தான்: ஆமா... தூங்கிட்டா, காலையில பேசச் சொல்றேன்னேன். நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள இவ கிளம்பிட்டா.

தம்பி: காலையில மறுபடியும் பண்ணேன். எடுக்கல. இன்னொரு தடவை பண்ணா, பிளாக் பண்ணியிருக்க.

அக்கா: சூளையப் பார்த்த கோவத்துல... அதை விடு. குவாரின்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் ஒரு ஈ காக்காகிட்ட மூச்சு விடல. குரூப்புல குஞ்சு படம் ஒண்ணு கூடப் போடல. போற வழிய தினமும் மாத்தி மாத்திப் போறேன். எவன் என் பின்னாலயே வந்தான்? சொல்லு, எவன்? அவனைக் கிழிச்சுத் தோரணமாத் தொங்க விடுறேன்.

தம்பி: எவனும் பின்னால வரல. நாலு நாளா உன் வாட்ஸ்அப்ல உன் மூஞ்சிக்குப் பதிலா அந்தக் குஞ்சு உக்காந்திருக்கு. இடம் தெரியக் கூடாதுன்னு படத்தைச் சுத்தி நல்லாத்தான் வெட்டியிருக்க, குஞ்சும் ஒரு கையகலப் பாறையும்தான் தெரியுது... அந்தப் பாறையில வெடி வைக்கப் போட்ட டிரில் தடம் வரிசையா இருக்குக்கா. கத்தினது போதும், முதல்ல போனை எடுத்து அதை மாத்து.